பத்தாவது படிக்கும் பையன், எந்நேரமும் கானா: பாட்டுதான் கெடுக்கிறதா?

தையல்கடை_அயனாவரம்:

எல்லோருக்கும் வணக்கம். அயனாவரத்தில் பிளவுஸ் தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒரே பையன், புரசைவாக்கம் பக்கம் பத்தாவது படிக்கிறான். சொந்தக்காரர்களிடம் கேட்டால் அடுத்த வளைகாப்பு வரைக்கும் இதையே பேசுவார்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

முன்பெல்லாம் என் கடை ரேடியோவில் என்ன ஓடுகிறதோ அதுதான் அவனுக்கும் பாட்டு. இளையராஜா வந்தால் என்னோடு சேர்ந்து முணுமுணுப்பான். போன முழுப்பரீட்சை லீவில் அவன் அப்பாவின் பழைய போன் கைக்கு வந்தது. அதிலிருந்து யூடியூப் கானா மட்டும்தான். சினிமாவில் வரும் கானா இல்லை. ஏரியா பையன்களே பாடி, பைக்கை வரிசையாக நிறுத்தி, கூலிங்கிளாஸ் போட்டு எடுத்து ஏற்றுகிற வீடியோ. பாதிப் பாட்டில் கெத்து, எங்க ஏரியா, எவன் வந்தாலும் பார்த்துக்கலாம். மீதியில் ஏமாற்றிவிட்டுப் போன பெண்ணுக்குத் திட்டு. செத்துப்போன நண்பனுக்காகப் பாடுகிற பாட்டும் உண்டு. அதில் ஒன்றைக் கேட்டு நானே மிஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது வேறு கதை.

முதலில் தலைமுடியில் ஆரம்பித்தது. காதுக்கு மேலே ஒட்ட வழித்து, முன்னால் மட்டும் நீளமாக விட்டு, அதில் ஒரு கீற்று செம்பட்டைக் கலர். "புள்ளிங்கோ கட்டிங்கோட உள்ள வராதே" என்று பள்ளிக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, முடிதானே, வளரும் என்று விட்டேன்.

அப்புறம், அளவு ஜாக்கெட் கொடுக்க வந்த ஒரு கஸ்டமர் சொன்னார், 29சி பின்படியில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு போகிறானாம். பையை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, இன்னொரு கையால் பஸ் தகரத்தில் தாளம். கூட நாலைந்து பேர் பாட்டு. வீட்டுக்கு வர அவனுக்கு அந்த பஸ்ஸே தேவையில்லை. கூட்டாளிகளோடு பெரம்பூர் வரை போய்விட்டு அங்கிருந்து நடந்து வருகிறான்.

நான் நிஜமாகவே பயந்தது அதற்கும் இல்லை. சாயங்காலம் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தண்ணி டேங்க் பின்னால் நின்று எவனிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "ரிப்ளை பண்ணலன்னா திமிரு மச்சி அவளுக்கு. ஒரு நாள் நிறுத்திக் கேட்டாத்தான் அடங்குவா." எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தப் பேச்சு கிடையாது. அந்தக் குரல்கூட அவன் குரலாக இல்லை. அந்த வீடியோக்களில் பாடுகிறவன் இழுக்கிற இழுப்பு அப்படியே இருந்தது.

போனை உடைத்துவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர். பாட்டுதான் இவனை இப்படி ஆக்குகிறதா, இல்லை இந்த வயசே இப்படித்தானா? பாட்டை நிறுத்தினால் அந்தப் பேச்சு நிற்குமா? பிள்ளை வளர்த்தவர்கள், டீச்சர்கள் யாராவது சொல்லுங்கள்.

கொரட்டூர்_சிவா:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது மேடம்? போனைப் பிடுங்குங்கள். பத்தாவது பப்ளிக் இருக்கிறது. எங்கள் வீட்டில் பையனுக்கு பட்டன் போன்தான், 470 எடுத்தான். பாட்டு கேட்டு உருப்பட்டவன் எவனையும் நான் பார்த்ததில்லை.

பின்பெஞ்சு_வாத்தியார்:

சிவா சார், பையனுக்கு வாழ்த்துகள். ஆனால் பாட்டு கேட்டு உருப்பட்டவர்கள் கோடம்பாக்கத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அக்கா, நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். இப்போதும் வடசென்னையில்தான் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கானா என்றாலே ரவுடிப் பாட்டு என்று ஸ்டாஃப் ரூமில் தினம் காதில் விழுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் கானா என்பது சாவு வீட்டுப் பாட்டு. மரண கானா என்போம். ராத்திரி வாசலில் பந்தலுக்குக் கீழே பாயை விரித்துப் பாடகர் உட்காருவார். சட்டி மேளம் அடிக்கிறவர் பேப்பரைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காட்டுவார், விரலால் தட்டிப் பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் மறுபடி காட்டுவார். தோல் இறுகி நாதம் ஏறினால்தான் பாட்டு ஆரம்பம். செத்தவர் எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தார், ஹார்பரில் மூட்டை தூக்கினாரா, ரிக்ஷா மிதித்தாரா, யார் யாருக்குக் கஞ்சி ஊற்றினார் என்று ஒரு ஆயுசு முழுக்கப் பாட்டில் வரும். நடுவில் கிண்டல் வரும், காதல் வரும், கொச்சையும் வரும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பது யார்? தாத்தா, அத்தை, செத்தவரின் சம்சாரம், மூக்கொழுகிக்கொண்டு நாங்கள். ஒரு வரி எல்லை தாண்டினால், "டேய், பொம்பளைங்க இருக்காங்க" என்று மூலையிலிருந்து ஒரு பெரிசு குரல் கொடுக்கும். பாடகர் சிரித்துக்கொண்டே வரியை மாற்றிப்போடுவார்.

தேவா தொண்ணூறுகளில் இதை சினிமாவுக்குக் கொண்டுபோனார். 2006-ல் கானா உலகநாதனை ஊரே பார்த்தது, 2012-ல் கானா பாலா. யூடியூப் வந்த பிறகுதான் அந்தப் பெரிசு காணாமல் போனார். பாடுகிறவனுக்குப் பத்தொன்பது வயசு, கேட்கிறவனுக்குப் பதினைந்து, கமெண்ட் போடுகிறவனுக்குப் பதினாறு. எந்த வரிக்கு வியூஸ் ஏறுகிறதோ அந்த வரிதான் அடுத்த பாட்டிலும் வரும். கெத்துக்கும் பெண்ணைத் திட்டுவதற்கும் ஏறுகிறது. நண்பன் சாவுக்கும் ஏறுகிறது, அதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பையன் விஷயத்தில் என் கண்ணுக்குப் பட்டது பாட்டு இல்லை, அந்த பஸ். தேவையில்லாத பஸ்ஸில் ஏறி, பெரம்பூர் வரை போய், நடந்து திரும்புகிறான். பாட்டு மட்டும் வேண்டுமென்றால் வீட்டில் படுத்துக்கொண்டே கேட்கலாமே. அந்தப் படிக்கட்டில் அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அந்த இடத்துக்கு அனுமதிச் சீட்டு அந்தப் பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த வரி தெரியாமல் அங்கே நிற்க முடியாது. கூட இருப்பது அவன் வகுப்புப் பையன்களா, இல்லை கல்லூரிப் பையன்களா என்று முதலில் விசாரியுங்கள். வகுப்புப் பையன்கள் என்றால் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் கவலை. கல்லூரிப் பையன்கள் என்றால் கதை வேறு. பஸ் ரூட்டுக்கு ஒரு மாணவர் கூட்டம், அதற்கு 'ரூட்டு தல' என்று ஒரு தலைவன், எங்க ரூட்டு, உங்க ரூட்டு என்று ஒரு தகராறு இந்த ஊரில் பல வருஷமாக ஓடுகிறது. ஸ்டேஷனில் கத்தி பிடிபட்ட செய்தியெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். ரூட்டைப் புகழ்ந்து பாடுகிற கானா தனியாகவே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பின்னால் நின்று தாளம் போடுகிற பள்ளிப் பையன்தான் நாலு வருஷம் கழித்து முன்னால் நிற்பான்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இதே கானா, இதே சட்டி, பக்கத்தில் ராப், கிடார். இடஒதுக்கீடு, மலக்குழிச் சாவு என்று பாடினார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணனோடு போய்விட்டு வந்தான். அதுவரைக்கும் பெஞ்சில் தாளம் போட்டு என்னிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தவன். அடுத்த வாரம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடைப்பு எடுக்கப் போகும் அவன் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தான். அந்த நோட்டை நான் திருப்பித் தரவில்லை, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

போனை உடைக்க வேண்டாம் அக்கா. உடைத்தால் கூட்டாளி போனில் கேட்பான், அதுவும் அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு. ஒன்று செய்து பாருங்கள். உங்கள் கடையில் புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால், சாயங்காலம் கஸ்டமர் இருக்கும் நேரத்தில், "ரேடியோ போரடிக்குது, உன் பாட்டைப் போடுடா" என்று அவனிடமே விடுங்கள். எதைப் போடுகிறான் என்பது முக்கியமில்லை. எதை அவசரமாகத் தள்ளிவிடுகிறான் என்று பாருங்கள்.

வில்லிவாக்கம்_நிலா:

வாத்தியார் சார் எழுதியதில் பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம். ஆனால் அக்கா எதற்கு பயந்தேன் என்று எழுதினார்களோ அதைத் தொடாமலே படிக்கட்டுக்குப் போய்விட்டீர்கள் சார்.

நான் எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கிறேன். அதைவிட முக்கியம், அந்த பஸ் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வளர்ந்தவள். வெளியே தகரத்தில் தட்டிப் பாடுகிற பாட்டு சும்மா பாட்டு இல்லை. யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்று உள்ளே இருக்கும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிரித்தால் தப்பு, முறைத்தால் திமிர், இறங்கிப் போனால் அடுத்த நாள் இன்னும் சத்தம். 2011, 12 வாக்கில் சூப் பாட்டு சீசன், காதலில் தோற்ற பையன் பெண்ணைக் குறை சொல்லிப் பாடுகிற பாட்டு. டியூஷனில் பென்சில் தரவில்லை என்பதற்கெல்லாம் அந்த வரிகளைப் பாடுவார்கள். எனக்கு அப்போது பத்து, பதினொரு வயசு.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்டால், அமெரிக்காவில் 12 முதல் 17 வயசு வரையுள்ள 1,461 பிள்ளைகளைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்து 2006-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் எழுதினார்கள். பெண்ணை வெறும் உடம்பாக, மட்டமாகப் பேசுகிற பாட்டுகளை அதிகம் கேட்ட பிள்ளைகள் சீக்கிரமே உடலுறவுக்குப் போயிருக்கிறார்கள். காமம் இருந்தும் மட்டம் தட்டாத பாட்டுகளில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. எனக்கு இது பெரிய விஷயம். ஆபாசம் ஆபாசம் என்று நாம் கத்துவது ஒரு பக்கம், பையன் கற்றுக்கொள்வது வேறொன்று: அவள் யார், நான் யார், அவள் பதில் சொல்லாவிட்டால் எனக்கு என்ன உரிமை.

நெதர்லாந்தில் 309 பிள்ளைகளை வைத்துச் செய்தது 2013-ல் வந்தது. 12 வயசில் சத்தமான, எதிர்ப்புப் பாட்டுகளைப் பிடித்தவர்களிடம் 16 வயசில் கடையில் சின்னத் திருட்டு, பொருளை உடைப்பது போன்றவை கூடுதலாக இருந்தன. ஆராய்ச்சி செய்தவர்கள் அதைப் பாட்டின் குற்றம் என்று சொல்லவில்லை. ஒரே பாட்டு பிடித்தவர்கள் ஒன்றுசேர்கிறார்கள், சேர்ந்த இடத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கிறார்கள் என்கிறார்கள். சாரின் படிக்கட்டுதான். அது டச்சுப் பிள்ளைகள், இது அயனாவரம், அப்படியே பொருத்திப் பார்க்கவும் முடியாது.

அக்கா, "நிறுத்திக் கேட்டாத்தான் அடங்குவா" என்கிற பேச்சை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1998-ல் ஒரு கல்லூரி மாணவி கிண்டலுக்கு ஆளாகிச் செத்துப்போன பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ்டீசிங் தடைச் சட்டமே வந்தது. அப்போது யூடியூப் இல்லை. அதனால் பாட்டைப் பற்றிப் பேசவேண்டாம், அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அவனிடம் நேராகக் கேளுங்கள். மாடியில் கேட்டேன் என்று சொல்லியே கேளுங்கள். அப்பாவும் உடன் இருக்கட்டும், ஆனால் போனை உடைப்பதைப் பற்றி அன்றைக்கு மட்டும் வாய் திறக்க வேண்டாம்.

பையன்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் கரூர் பக்கம் எட்டாவது படிக்கும் மூன்று பெண் பிள்ளைகள் பி.டி.எஸ். என்கிற கொரியப் பாட்டுக்குழுவைப் பார்க்கக் கொரியா போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, காட்பாடி ஸ்டேஷனில் கிடைத்தார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது திட்டமாம். என் சித்தி பெண்ணும் அதே பி.டி.எஸ். பைத்தியம்தான். அவள் யூடியூப் பார்த்துக் கொரிய எழுத்து எழுதக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான் நடந்தது. ஒரே பாட்டு, இரண்டு வீடு.

பென்ஷன்_ஐசிஎஃப்:

ஒரு பழைய சங்கதி. 1952-ல் பி.வி. கேஸ்கர் என்று ஒரு மந்திரி ரேடியோவுக்குப் பொறுப்பாக வந்தார். சினிமாப் பாட்டு மட்டமான ரசனை, ஜனங்களைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஏறக்குறைய நிறுத்தியேவிட்டார். சாஸ்திரிய சங்கீதம் கேளுங்கள் என்றார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி சிலோன் ரேடியோ வைத்தார்கள். கடைசியில் சர்க்காரே 1957-ல் விவித்பாரதி ஆரம்பித்து அதே சினிமாப் பாட்டைப் போட்டது. சர்க்காரால் முடியாததைக் கொரட்டூர் சிவா முடித்துவிட்டார் என்றால் சந்தோஷம்.

காது_செக்:

எல்லோரும் வரிக்குக் கவலைப்படுகிறீர்கள். நான் காது பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை பார்ப்பதால் வால்யூமுக்குக் கவலைப்படுகிறேன். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு அந்த 40 மணி நேரமே 75 டெசிபலில்தான். பஸ் இரைச்சலை மீற வேண்டுமென்று வால்யூமைக் கடைசி வரைக்கும் ஏற்றுவார்கள், ஆபத்து அங்கேதான். ராத்திரி காதில் 'கொய்ங்' என்கிறதா என்று பையனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் காதுமூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தையல்கடை_அயனாவரம்:

எல்லோருக்கும் நன்றி. காது இரைச்சல் இல்லை என்கிறான். நம்புகிறேன், பாதி.

ஸ்பீக்கர் யோசனையைச் செய்து பார்த்தேன் சார். முதலில் "உங்களுக்குப் புரியாதும்மா" என்றான். அப்புறம் போட்டான். பாட்டு ஆரம்பித்த உடனே கட்டைவிரல் போன் மேலேயே இருந்தது. சில பாட்டு நாலு நொடிகூட ஓடவில்லை, தள்ளிவிட்டான். ஒன்றில் கை தவறி ஒரு வரி முழுசாக ஓடிவிட்டது, பெண்ணைப் பற்றிய வரி, இங்கே எழுத முடியாது. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்திருந்த பக்கத்துத் தெரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "யாருடா இவன், அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?" என்றார். பையன் காது சிவந்துபோனது. அந்தப் பாட்டியே அடுத்து வந்த நண்பன் பாட்டுக்குத் தலையாட்டி, செத்தது யாரு என்று கேட்டார். அவன் உட்கார்ந்து கதை சொன்னான். அவ்வளவு பேசி நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

நிலா சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. மாடியில் கேட்டதைச் சொன்னேன். "சும்மா பேச்சும்மா, நான் எங்க நிறுத்தப் போறேன்" என்றான். நீ நிறுத்த மாட்டாய், உன் கூட்டாளி? என்றேன். பதில் இல்லை. அவன் அப்பா வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிய விஷயம். அடுத்த நாள் அந்தக் கூட்டாளியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

29சி விஷயம்: வகுப்புப் பையன்கள்தானாம், ஆனால் ஒரு கல்லூரி அண்ணனும் வருவாராம். அவரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். இப்போது புதிதாக ஒன்று கேட்கிறான். ஓட்டேரியில் யாருக்கோ முதலாம் ஆண்டு நினைவு நாள், படத்திறப்பு, ராத்திரி கானா இருக்கிறது, போகட்டுமா என்று. அந்த அண்ணன்தான் கூட்டிப்போகிறாராம். விடலாமா சார்?

பின்பெஞ்சு_வாத்தியார்:

நிலா, நான் தாண்டிப்போனதை நீங்கள் பிடித்தது சரி. ஆனால் பாட்டியின் ஒரு வரி என் ஒரு பக்கத்தைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

அக்கா, படத்திறப்புக்குப் போகட்டும், ஆனால் அந்த அண்ணனோடு வேண்டாம். வீட்டுக்காரரைக் கூட அனுப்புங்கள். அவருக்கு கானா பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்காரட்டும், டீ கொடுப்பார்கள். பையன் முன்னால் போய்ச் சட்டிக்காரர் பக்கத்தில்தான் உட்காருவான், விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் சரக்கு பாட்டில் திறக்கிற கூட்டம் ஒன்று பின்பக்கம் சேரும், அதற்குள் கிளம்பிவிடச் சொல்லுங்கள். அந்த அண்ணன் அங்கே வருவார். வீட்டுக்காரர் அவரிடம் நேராகப் போய், எந்தக் கல்லூரி, எந்த வருஷம், எந்த பஸ்ஸில் போகிறீர்கள் தம்பி என்று மரியாதையாகவே விசாரிக்கட்டும். நல்ல பையன் என்றால் பதில் சொல்வான்.

எந்த நாள் என்று சொன்னால் நானும் எட்டிப் பார்க்கிறேன். ஓட்டேரி எனக்கு நடந்து வருகிற தூரம்தான்.